கேங்கோ குகைக்கு அம்மாவைக் கூட்டிப்போகலாமா? எந்தச் சுற்று நல்லது?

மீனா_டர்பன் (மே 12)

எல்லாருக்கும் வணக்கம். ஜூலை பள்ளி விடுமுறையில் தென்னாப்பிரிக்காவின் தெற்கே ஓட்ஸ்ஹூர்ன் ஊர்ப் பக்கம் கேங்கோ குகை பார்க்கப் போகலாம் என்று இருக்கிறோம். நான், வீட்டுக்காரர், 11 வயது மகன், என் அம்மா. அம்மாவுக்கு 71 ஆகிறது. முழங்கால் வலி உண்டு. ஆனாலும் ஈஸ்டர் சமயம் இசிபிங்கோ மாரியம்மன் திருவிழாவில் மணிக்கணக்கில் வரிசையில் நிற்பார், முகம் சுளிக்க மாட்டார்.

அங்கே இரண்டு விதமான சுற்று இருக்கிறதாம். ஹெரிடேஜ் என்பது ஒரு மணி நேரம், அட்வெஞ்சர் என்பது ஒன்றரை மணி நேரம். மகன் அட்வெஞ்சர்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். பேரன் போகிற இடத்துக்கு நானும் வருவேன் என்கிறார் அம்மா. டிக்கெட் போட்டுத் தருவதாகச் சொன்ன ஏஜென்ட்டிடம் கேட்டேன். "எல்லாரும் போகலாம், ஒரு கஷ்டமும் இல்லை" என்றார். நம்பலாமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

இன்னொன்று. அம்மா படுக்கையறையில் பத்துமலை முருகன் படம் மாட்டியிருக்கிறார். குகை என்றதும் "உள்ளே சாமி இருக்கா?" என்றுதான் முதலில் கேட்டார். நான் இல்லை என்றேன். சரிதானே?

கேப்டவுன்_செல்வி (மே 12)

மீனா அக்கா, நான் மூன்று முறை போயிருக்கிறேன், இரண்டு சுற்றும் பார்த்தாச்சு. கோயில் கிடையாது. ஏஜென்ட் சொன்னதை நம்பாதீர்கள். எங்களுக்கும் ஒரு ஏஜென்ட் அப்படித்தான் சொல்லி, என் மாமனார், மாமியார் உட்பட எட்டுப் பேருக்கும் அட்வெஞ்சர் டிக்கெட் போட்டுவிட்டார். குறுகலான பகுதி தொடங்கும் முன்பு வழிகாட்டிப் பெண் எங்களை நிறுத்தி, ஒவ்வொருவரிடமும் மூச்சுத்திணறல், முதுகுவலி, இடுக்கில் பயம் உண்டா என்று பொறுமையாகக் கேட்டார். மாமனார் திரும்பி வந்துவிட்டார். திரும்பியதில் வருத்தம் இல்லை அவருக்கு, முதலிலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்றுதான் அன்று முழுக்கப் புலம்பினார்.

அளவுகளைச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள். டனல் ஆஃப் லவ் என்ற இடம் 74 சென்டிமீட்டரில் தொடங்கி 30 சென்டிமீட்டர் வரை சுருங்கும். டெவில்ஸ் சிம்னி 45 சென்டிமீட்டர் அகலம்தான், அதற்குள் மூன்றரை மீட்டர் உயரம் ஏற வேண்டும். கடைசியில் டெவில்ஸ் போஸ்ட்பாக்ஸ், 27 சென்டிமீட்டர் இடைவெளி. வயிற்றை அழுத்திக்கொண்டு வழுக்கித்தான் வெளியே வர முடியும். அதாவது பள்ளிக்கூட ஸ்கேலை நிமிர்த்தி வைத்தால் அதன் உயரத்தைவிடக் குறைவு. இதெல்லாம் போக நிறையப் படி ஏறி இறங்க வேண்டும்.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். டைனிங் டேபிள் நாற்காலிகள் இரண்டைப் போட்டு, நடுவே ஒரு பலகையை 30 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்து அதன் அடியில் ஊர்ந்து பாருங்கள். நீங்களும் வீட்டுக்காரரும் செய்யுங்கள், பையன் மட்டும் இல்லை. பெரியவர்கள்தான் சிக்குவார்கள்.

2007 புத்தாண்டு அன்று அந்த டனலில் ஒருவர் மாட்டிக்கொண்டு, அவருக்குப் பின்னால் இருந்த இருபதுக்கும் மேற்பட்டவர்கள் பத்து மணி நேரத்துக்கு மேல் உள்ளேயே கிடந்தார்கள். அவர் மேல் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அந்த வழியில் எனக்கே ஒரு நிமிடம் தோள் பிடித்துக்கொண்டது. முகத்துக்கு முன்னால் ஈரப்பாறை, பின்னால் யாருடைய தலையோ என் காலில் இடிக்கிறது. மூச்சை வெளியே விட்டால்தான் உடம்பு நகரும் என்று அப்போதுதான் தெரிந்தது.

அம்மாவுக்கு ஹெரிடேஜ். அதில் கண்ணை மூடிக்கொண்டு கூட்டிப்போகலாம் என்று சொல்ல மாட்டேன், படி உண்டு, சில இடம் ஈரம். கைப்பிடி இருக்கிறது. ரப்பர் அடி வைத்த ஷூ போட்டுக்கொண்டால் போதும்.

பாளையங்கோட்டைக்காரன் (மே 13)

ஜோஹன்னஸ்பர்க்கில் இருந்து எழுதுகிறேன். டர்பனிலிருந்து ஓட்ஸ்ஹூர்ன் 1,200 கிலோமீட்டருக்கு மேல். 71 வயது அம்மாவை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் எதற்கு? ம்புமலாங்கா மாகாணத்தில் சுத்வாலா குகை இருக்கிறது, உங்களுக்கு ஏறக்குறையப் பாதித் தூரம். உள்ளே பி.ஆர். ஓவன் ஹால் என்று ஒரு கூடம், 70 மீட்டர் குறுக்களவு, 37 மீட்டர் உயரம். நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். வெயில் காலத்திலும் உள்ளே 17 டிகிரி. நான் ஊரிலிருந்து வந்த என் அப்பாவை அங்கேதான் கூட்டிப்போனேன். அவர் இன்னும் அதைப் பேசிக்கொண்டிருக்கிறார்.

கல்லும்மண்ணும் (மே 13)

சுத்வாலா நல்ல குகைதான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. நான் சுரங்கத்தில் வேலை பார்ப்பவன், கல்லைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுத்வாலா டோலமைட் பாறையில் உண்டானது. மிக மிகப் பழைய பாறை அது. கேங்கோ சுண்ணாம்புக் கல்லில், ஸ்வார்ட்பெர்க் மலையடிவாரத்தில் இருக்கிறது. மொத்தம் 4 கிலோமீட்டருக்கு மேல் நீளம், நாம் பார்க்க முடிவது அதில் கால் பங்குதான். கல் வேலைப்பாடு என்று பார்த்தால் கேங்கோவின் பக்கத்தில் நிற்க நம் நாட்டில் வேறு குகை இல்லை என்பது என் கருத்து.

அந்த வேலைப்பாட்டைச் செய்வது தண்ணீர். மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அது சுண்ணாம்புக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்துக்கொண்டு விரிசல் வழியே இறங்கும். குகையின் கூரைக்கு வந்து துளியாகத் தொங்கும்போது அந்த வாயு பிரிந்து காற்றில் போய்விடும். கரைந்திருந்த சுண்ணாம்பு கூரையிலேயே ஒரு வளையமாகப் படியும். நம் வீட்டுக் கெட்டிலுக்குள் வெள்ளையாகப் படிகிறதே, ஏறத்தாழ அதே சங்கதி. கீழே விழுகிற துளி மிச்சத்தைத் தரையில் வைக்கும். இரும்புச் சத்து கலந்தால் செம்மஞ்சள் நிறம். குகைக்குள் வான் ஸைல் ஹால் என்ற கூடத்தில் கிளியோபாட்ரா ஊசி என்று 9 மீட்டர் உயரத்தில் ஒன்று நிற்கிறது. துளித் துளியாக எழுந்தது அது.

ஆகவே ஒரு வேண்டுகோள்: எதையும் தொடாதீர்கள், பையனிடமும் சொல்லி வையுங்கள். கையில் இருக்கிற எண்ணெய்ப் பசை கல்லின் மேல் படிந்தால் புதுச் சுண்ணாம்பு அங்கே ஒட்டாது. வளர்ச்சி நின்று, கறுத்துப் போகும்.

மீனா_டர்பன் (மே 14)

ரொம்ப நன்றி. நாற்காலிப் பரிசோதனை நேற்று ராத்திரி நடந்தது. மகன் எலி மாதிரி போய்விட்டான். வீட்டுக்காரர் பாதியில் நின்றுவிட்டார். அம்மா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "எனக்கு உட்கார்ந்து பார்க்கிற மாதிரி இடம் போதும்" என்றார்.

மேலிருந்து தொங்குவதற்கும் கீழிருந்து எழும்புவதற்கும் தமிழில் என்ன பெயர்? மகன் சனிக்கிழமை தமிழ் வகுப்பில் பேச வேண்டுமாம்.

அம்மா இன்னொன்றும் கேட்கிறார். அப்படி எழும்பி நிற்கிற கல் லிங்கம் மாதிரி இருந்தால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாமா? நான் என்ன சொல்ல?

சாட்ஸ்வொர்த்_டீச்சர் (மே 14)

மீனா, தொங்குவது கல்விழுது. எழுவது கல்முளை. இரண்டும் ஒன்றை ஒன்று தொட்டுவிட்டால் தூண். ஆலமரத்து விழுது தெரிந்த பிள்ளைக்கு இரண்டு நிமிடத்தில் புரிந்துவிடும். இங்கே பிறந்த பிள்ளைகள் ஆலமரம் பார்த்ததில்லை என்றால் டர்பன் தாவரவியல் பூங்காவில் பெரிய அத்தி வகை மரங்கள் இருக்கின்றன, வேர் தொங்குவதைக் காட்டுங்கள். மகன் பேசிய பிறகு எனக்கும் அனுப்புங்கள், என் வகுப்பிலும் வாசிக்கச் சொல்கிறேன்.

பாளையங்கோட்டைக்காரன் (மே 15)

தொடாதே தொடாதே என்று எல்லாவற்றுக்கும் சொன்னால் எப்படி? ஆந்திராவில் அரக்குப் பக்கம் பொர்ரா குகை. அதுவும் சுண்ணாம்புக் குகைதான். உள்ளே ஒரு கல்முளையைச் சிவலிங்கமாக வைத்துக் கும்பிடுகிறார்கள். நானே போய் விழுந்து கும்பிட்டிருக்கிறேன். கல்லில் சாமியைப் பார்ப்பது நமக்கு இரத்தத்தில் இருப்பது. ஒரு வயசான அம்மா பக்தியோடு விரல் நுனியால் தொட்டால் மலை கரைந்துவிடாது. இதைச் சொல்வதற்காக யாரும் கோபிக்க வேண்டாம்.

கல்லும்மண்ணும் (மே 15)

கோபம் இல்லை தம்பி. ஆனால் ஒரு அம்மா மட்டும் போகிற இடம் இல்லையே அது. வருஷம் முழுக்க நாள்தோறும் கூட்டம் கூட்டமாக ஆட்கள் நடக்கிற வழி. உன் அம்மா தொட்டால் எனக்குச் சம்மதம், இன்னொருவர் அம்மா தொடக் கூடாது என்று எப்படிச் சொல்வது?

இந்தக் குகை ஏற்கனவே நிறையப் பட்டுவிட்டது. பழைய காலத்துப் பார்வையாளர்கள் கல்விழுதுகளை உடைத்து வீட்டுக்கு எடுத்துப் போனார்கள், சுவரில் பெயர் எழுதினார்கள். அந்தப் பெயர்கள் இன்றும் தெரியும். அதைத் தாங்க முடியாமல் 1820லேயே கேப் காலனி அரசு கல் உடைக்கக் கூடாது என்று விதி போட்டது. வாசலில் ஆதிகாலத்து சான் மக்கள் தங்கியிருந்த தடயம் உண்டு. அவர்கள் வரைந்த ஓவியங்களும் வந்தவர்கள் கையால் பாழாகிப் போயின.

1972ல் வழிகாட்டிகள் ஒரு விரிசலில் காற்று வருவதைக் கவனித்து, அதை வைத்து இன்னொரு பகுதியைக் கண்டுபிடித்தார்கள். கேங்கோ இரண்டு என்கிறார்கள். சுமார் 270 மீட்டர். யார் கையும் படாத வெள்ளைப் படிகங்கள். அதைப் பொதுமக்களுக்குத் திறக்கவே இல்லை. 1975ல் கேங்கோ மூன்று கிடைத்தது, அதையும் திறக்கவில்லை. நான் போக முடியாது, நீயும் போக முடியாது. எனக்கு அது மனசுக்கு நிறைவாகத்தான் இருக்கிறது.

டொங்காட்_தாத்தா (மே 16)

பிள்ளைகளா, நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை. மீனாவின் அம்மா வயசு என்றதும் எழுதத் தோன்றியது.

1974ல் என் அப்பா ஒரு பழைய காரில் எங்களை டர்பனிலிருந்து கேப்புக்குக் கூட்டிப்போனார். ஃப்ரீ ஸ்டேட் வழி போகலாமா என்று பேச்சு வந்தது. இந்தியர் அந்த மாகாணத்தில் தங்கக் கூடாது என்று 1891ல் போட்ட சட்டம் அப்போதும் உயிரோடு இருந்தது. 1986ல்தான் போனது. அதனால் கடற்கரை வழி. அம்மா கட்டிக்கொடுத்த ரொட்டியும் உருளைக்கிழங்குக் கறியும் மூன்று நாள் வந்தன. ராத்திரி காரிலேயே தூங்கினோம், படுக்க இடம் கொடுப்பார் இல்லை. பொது இடங்களை நிறம் பார்த்துப் பிரிக்கிற 1953 சட்டம் இருந்த காலம். ஓட்ஸ்ஹூர்னில் இரண்டு இடத்தில் அறை கேட்டு அப்பா தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்தது எனக்கு நினைவிருக்கிறது. குகைக்குப் போகும் பலகையைப் பார்த்தோம். "நாளைக்குப் பார்ப்போம்" என்றார். மறுநாள் ஜார்ஜ் ஊருக்குப் போய்விட்டோம்.

அந்த 1953 சட்டத்தை 1990ல் எடுத்தார்கள். அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். நான் 2003ல் மகனோடு அந்தக் குகைக்குள் நின்றேன். ஆகையால் தூரம் அதிகம் என்று சொல்கிற தம்பிக்கு: சில பேருக்கு அந்தத் தூரம் போவதே ஒரு காரியம். அம்மாவைக் கேளுங்கள், அவர் ஏன் அங்கே போக வேண்டும் என்கிறார் என்று.

தொடுகிற விஷயம். கோயிலில் மூலவரை நாம் தொடுகிறோமா? கருவறைக்கு வெளியே நின்று, தீபம் காட்டும்போது ஒரு கணம் பார்த்துக் கைகூப்புகிறோம். அதில் யாருக்கும் பக்தி குறைந்ததாக நான் கேள்விப்படவில்லை. குகையிலும் அதே போல நின்று கும்பிடட்டும். கற்பூரம், ஊதுபத்தி மட்டும் பையில் வேண்டாம்.

பாளையங்கோட்டைக்காரன் (மே 16)

தாத்தா, கருவறை என்று சொன்னீர்கள் பாருங்கள், அதோடு நான் நிறுத்திக்கொண்டேன். சின்ன வயசில் நெல்லையப்பர் கோயிலில் என்னைத் தூக்கிக் காட்டுவார்கள். தொட்டதே இல்லை. தூரத்தைப் பற்றி நான் சொன்னதையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மீனா, போய் வாருங்கள்.

கேப்டவுன்_செல்வி (மே 17)

அப்புறம் வழி விவரம். காரில் போவதென்றால் உம்டாட்டா பக்கம் இருட்டில் ஓட்டாதீர்கள், ரோட்டில் மாடும் ஆடும் நிற்கும். விமானம் என்றால் ஜார்ஜில் இறங்கி, கார் எடுத்து ஔடெனிக்வா கணவாய் வழியே 60 கிலோமீட்டர். அங்கே காலையில் மூடுபனி இறங்கும். ஓட்ஸ்ஹூர்னிலிருந்து வடக்கே குகைக்கு இன்னும் 29 கிலோமீட்டர், வழியெல்லாம் தீக்கோழிப் பண்ணை.

ஜூலையில் வெளியே பல் கிட்டும். ஆனால் குகைக்குள் 18, 20 டிகிரி, காற்றில் ஈரம் அதிகம். தடித்த ஸ்வெட்டரோடு உள்ளே போனால் பத்து நிமிடத்தில் வியர்த்துக் கொட்டும். அம்மாவுக்குக் கழற்றி இடுப்பில் கட்டுகிற மாதிரி போட்டுவிடுங்கள். டிக்கெட்டை முன்னாடியே போட்டுவிடுங்கள், விடுமுறையில் இடம் கிடைக்காது. நேரம் மிச்சமிருந்தால் ஸ்வார்ட்பெர்க் கணவாய். தாமஸ் பெய்ன் என்ற பொறியாளர் போட்ட மண் ரோடு, 1888ல் திறந்தது, மலையைச் சுற்றிக் கல்லை அடுக்கிக் கட்டிய தாங்குசுவர்கள் அப்படியே நிற்கின்றன. பனி விழுந்தால் மூடிவிடுவார்கள், கேட்டுவிட்டுப் போங்கள்.

மீனா_டர்பன் (ஜூலை 19)

போய் வந்துவிட்டோம். தாத்தா சொன்னபடி அம்மாவைக் கேட்டேன். கல்யாணமான புதிதில் அப்பா ஒரு காலண்டர் வாங்கி வந்தாராம். அதில் ஒரு மாதத்துக்கு இந்தக் குகைப் படம். "ஒரு நாள் கூட்டிப்போகிறேன்" என்று சொன்னாராம். 40 வருஷத்துக்கு மேல் என் அம்மா அதை யாரிடமும் சொல்லவில்லை.

நாங்கள் விமானத்தில்தான் போனோம். காலை முதல் ஹெரிடேஜ் சுற்று, நால்வரும். வாசல் தாண்டியதும் வான் ஸைல் ஹால். 98 மீட்டர் நீளம் என்று வழிகாட்டி சொன்னார். அம்மா படி இறங்கி முடித்து நிமிர்ந்து பார்த்தார், கையை என் தோளில் வைத்திருந்தார், விரல்கள் இறுகின. ஒன்றும் பேசவில்லை. பிறகு விளக்கை எல்லாம் அணைத்தார்கள். கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். எங்கேயோ ஒரு சொட்டு விழுகிற சத்தம். மகன் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டான், 11 வயசு ஆனாலும்.

வான் வாஸனார் என்ற முதல் முழுநேர வழிகாட்டியைப் பற்றியும் சொன்னார்கள். 1891ல் சேர்ந்து 43 வருஷம் அங்கேயே வேலை பார்த்தாராம். அம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. "ஒரே இடத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு 43 வருஷம்" என்று ஹோட்டலில் திரும்பத் திரும்பச் சொன்னார்.

டிரம் சேம்பர் என்ற அறைக்குப் போகும் வழியில் ஓர் ஓரமாக, முழங்கால் உயரத்தில், உருண்டையாக ஒரு கல்முளை. உச்சி மட்டும் ஈரமாகப் பளபளத்தது. நேர் மேலே விரல் பருமனில் ஒரு கல்விழுது, அதன் நுனியில் ஒரு துளி. மஞ்சள் விளக்கு அந்தத் துளிக்குள் தலைகீழாகத் தெரிந்தது. அம்மா நின்றுவிட்டார். கை லேசாக முன்னால் போனது. எனக்குப் பக்கென்றது. ஆனால் அவரே இழுத்துக்கொண்டு, இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே கூப்பினார். கண்ணை மூடவில்லை, துளியையே பார்த்துக்கொண்டிருந்தார். மகன் எண்ண ஆரம்பித்தான். நாற்பது வரை எண்ணினான், துளி விழவில்லை. கூட்டம் நகர்ந்துவிட்டது. வழிகாட்டி திரும்பிப் பார்த்தார், அவசரப்படுத்தவில்லை, வாசலை மறித்தபடி எங்களுக்காக நின்றார். அவருக்கு நன்றி சொல்ல மறந்துவிட்டேன், இங்கேயாவது சொல்லிக்கொள்கிறேன்.

மத்தியானம் மகனும் நானும் அட்வெஞ்சர் போனோம். வீட்டுக்காரர் அம்மாவோடு உணவகத்தில் இருந்தார். நாற்காலிப் பரிசோதனையில் நான் தேறியிருந்தேன், ஆனால் நாற்காலிக்கு அடியில் சேறும் வழுக்கலும் கிடையாதே. லம்பேகோ வாக் என்ற வழி முழுக்கக் குனிந்தே நடந்ததில் முதுகு போய்விட்டது. சிம்னியில் எனக்கு முன்னால் போன ஒரு அம்மையார் கால் எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே ஏறினார். போஸ்ட்பாக்ஸில் தலை வெளியே வந்ததும் மகன் கீழே நின்று "அம்மா, மூச்சை விடுங்க, இன்னும் கொஞ்சம்" என்று கத்தினான். செல்வி எழுதியதைத்தான் அவனுக்குப் படித்துக் காட்டியிருந்தேன்.

ஸ்வார்ட்பெர்க் கணவாய் பனியால் மூடியிருந்தது. தூரத்திலிருந்து வெள்ளையாகப் பார்த்தோம்.

சாட்ஸ்வொர்த்_டீச்சர் (ஜூலை 20)

வாசித்தேன், இரண்டு முறை. மகன் வகுப்பில் பேசிவிட்டானா?

மீனா_டர்பன் (ஜூலை 26)

இன்றைக்குத்தான் பேசினான் டீச்சர். கல்விழுது, கல்முளை இரண்டையும் தடுமாறாமல் சொன்னான். ஒரு பெண் குழந்தை கேட்டாளாம், அந்தத் துளி கடைசியில் விழுந்ததா என்று. தெரியாது, நாங்கள் வந்துவிட்டோம் என்று சொல்லியிருக்கிறான். இப்போது அம்மாவும் அவனும் சுத்வாலா எத்தனை கிலோமீட்டர் என்று மேப்பில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பாளையங்கோட்டைத் தம்பி, அங்கே படி எத்தனை என்று கொஞ்சம் சொல்லுங்கள்.